அழுவாச்சி வளைவு

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போகிறவன் நான். முன்பெல்லாம் கார்டு என்பார்கள். இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயரை மாற்றி மரியாதையைக் கூட்டியிருக்கிறார்கள். பெட்டி என்னவோ பழைய பெட்டிதான். அதே ஆட்டம், அதே தூசி, கோடையில் தகரம் காய்ந்து ஆளை உள்ளே வேகவைக்கும் அதே புழுக்கம். பெண் பார்க்கும் வயதில் இந்தப் பெயர் கிடைத்திருந்தாலாவது மேனேஜர் மாப்பிள்ளை என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைத்த பிறகு கிடைத்தது.

இந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. நேர்ப்பாதையில் என் வண்டி என் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் இருக்கும் வேகனின் முதுகுதான் தெரியும். வளைவு வந்தால்தான் இன்ஜின் வரைக்கும் முழு வண்டியையும் பார்க்கலாம். அதனால் வளைவில் கட்டாயம் எட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது சக்கரத்தில் புகை வருகிறதா, கதவு தொங்குகிறதா, சரக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று நான் பின்னாலிருந்து பார்ப்பேன். இன்ஜினிலிருந்து துணை டிரைவர் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் இரண்டு பேரும் பச்சைக் கொடியை ஆட்டிக்கொள்வோம். அந்தக் கொடியைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி வரும். ஆனால் வண்டி எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம்தான் தெரியும். வளைவின் வெளிப்பக்கத்தை வண்டியே மறைத்துவிடும். அங்கே என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. என் அக்காவின் வீடு வெளிப்பக்கத்தில் இருக்கிறது.

விழுப்புரத்தில் பாதைகள் பல திசைகளுக்குப் பிரிகின்றன. அவற்றில் ஒன்றில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், அந்த வளைவு இருக்கிறது. எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் என் வேலைக்கும் ஆகாது, அக்காவுக்கும் ஆகாது. நல்ல இறுக்கமான வளைவு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான மண்மேட்டின் மேல் தண்டவாளம் போகும். மேட்டுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, ஒரே வரிசையில் வீடுகள். எல்லா வீட்டுக்கும் முதுகு தண்டவாளத்தைப் பார்த்தபடி இருக்கும். கூலிக்குப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் என்று, வேறெங்கும் மனை கட்டுப்படியாகாதவர்கள் வந்து சேர்ந்த தெரு அது. அக்காவும் மாமாவும் அப்படித்தான் வந்தார்கள். மாமா கடைவீதியில் மூன்று சக்கர வண்டியில் லோடு அடிக்கிறார்.

எங்கள் ஊர் கெடாருக்குப் பக்கம். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பா அம்மா போன பிறகு அக்காதான் கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போய் என்னைப் படிக்க வைத்தாள். ரயில்வே பரீட்சைக்கு நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த காலத்தில் அவள் நகக்கண்ணில் செம்மண் போனதே இல்லை. அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் அவளோடு சண்டை போடுவது எனக்குச் சிரமமாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

சண்டைக்கு முன்னால் சத்தத்தைச் சொல்ல வேண்டும். ரயில் சக்கரத்தின் உட்பக்க ஓரத்தில் ஓர் உதடு துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கிறது. நேர்ப்பாதையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அப்போது இந்த உதடு வெளித்தண்டவாளத்தை உரசி உரசித்தான் சக்கரத்தைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரும். உரசும்போது ஒரு கிறீச்சல் கிளம்பும். பச்சைப் பிள்ளை மூச்சுப் பிடித்துக்கொண்டு வீறிடுவது மாதிரி இருக்கும், கடைசி வேகன் தாண்டுகிற வரைக்கும் ஓயாது. அந்தத் தெருக்காரர்கள் அதற்கு அழுவாச்சி வளைவு என்று பெயர் வைத்திருந்தார்கள். "மத்தியான வண்டி அழுதுட்டுப் போயிடுச்சா?" என்றுதான் அங்கே நேரம் கேட்பார்கள்.

உரசலைக் குறைக்க, பாதையைப் பராமரிக்கும் ஆட்கள் வெளித்தண்டவாளத்தின் உட்பக்கத்தில் கருப்பு கிரீஸைத் தடவுவார்கள். தண்டவாளம் வழவழவென்று இருந்தால் சக்கரத்தின் உதடு வழுக்கிக் கீழேயே நிற்கும். காய்ந்து கிடந்தால் கவ்விப் பிடித்து மேலே ஏறப் பார்க்கும். ஏறிவிட்டால் அந்தப் பக்கம் இறங்கிவிடும். தடம் புரள்வது என்று பேப்பரில் பெரிதாகப் போடுகிறார்களே, பாதி நேரம் அது இவ்வளவுதான். ஓர் உதடு ஏறக் கூடாத இடத்தில் ஏறியிருக்கும்.

தெருவில் அந்த கிரீஸுக்கு ரயில் மை என்று பெயர். தடவிவிட்டு ஆட்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இந்தப் பக்கம் கொட்டாங்கச்சியோடு மேட்டில் ஏறிவிடுவார்கள். மாமாவின் வண்டி அச்சுக்கு ரயில் மை. பக்கத்து வீட்டு சைக்கிள் செயினுக்கு, கோடி வீட்டுக் கரும்புச்சாறு மெஷினுக்கு, கதவுக் கீலுக்கு, அக்காவின் அடிபம்புக்கு, எல்லாவற்றுக்கும் ரயில் மைதான். பொதுச் சொத்து என்றால் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் செய்துகொண்ட தெரு அது. கண் திருஷ்டிக்கும் அதுவே மருந்து. அக்காவின் வெள்ளைக் கன்றுக்குட்டி நெற்றியில் எப்போதும் ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். நான் புது பைக் வாங்கிக் காட்டப் போனபோது ஹெட்லைட்டுக்கு மேலே கட்டைவிரலால் ஒன்று வைத்தாள். "ரயிலுக்கே பூசற மை. எந்தக் கண்ணும் கிட்ட வராது" என்றாள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். பைக்கை விற்கிற வரைக்கும் அந்தக் கறை போகவில்லை.

"அக்கா, அந்த மைய எடுக்காதன்னு எத்தினி தபா சொல்றது?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் பம்புக் கைப்பிடியின் மூட்டில் விரலால் மையை அப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னாடா, குடம் குடமாவா எடுத்துக்கினு வர்றேன்? ஒரு கொட்டாங்கச்சி. அம்மாம் பெரிய வண்டிக்கு ஒரு கொட்டாங்கச்சி மை கொறஞ்சா இன்னா ஆயிடும்?"

"தெருவுல இருக்கிற எல்லாரும் ஒரு கொட்டாங்கச்சி எடுத்தா?"

"அப்ப எல்லார் வூட்டுக்கும் போய்க் கேளு. அக்கான்னா மட்டும் உனுக்கு வாய் நீளும்."

பம்பை ஓர் அடி அடித்துக் காட்டினாள். சத்தமே இல்லாமல் இறங்கி ஏறியது. அதற்கு முன்னால் அது அடிக்க அடிக்கக் கத்தும், காது கிழியும். அவளுக்கு அதில் அத்தனை பெருமை. அதே வாயால் மறுவாரம் போனில் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு உன் வண்டி ரொம்ப அழுதுச்சிடா. கன்னுக்குட்டி மிரண்டு கயித்த அறுத்துக்கினு ஓடிச்சி. பேஜாரா போச்சி. அதுக்கு இன்னாதான் நோவு?" என்று கேட்டாள். உன் பம்பில் இருக்கிறதே, அதுதான் நோய் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளுக்கு நாள் பயம்தான் வந்தது. ஒருமுறை அவள் வீட்டுப் பின்பக்கம் நின்றபோது கொடியில் காய்ந்த மாமாவின் வேட்டியைக் காட்டினாள். வெள்ளை வேட்டி முழுக்கச் சின்னச் சின்னச் செம்புள்ளிகள். எந்த சோப்புக்கும் போகவில்லை என்று புலம்பினாள். மேட்டின் மேல் ஏறிப் பார்த்தேன். வெளித்தண்டவாளத்தின் அடியில் ஜல்லிக்கல்லின் மேல் இரும்புத் தூள் மினுமினுவென்று கிடந்தது. சக்கரம் தண்டவாளத்தை அரைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தூள் காற்றில் பறந்து, ஈரத்துணியில் ஒட்டி, துருவாகியிருக்கிறது. பாதையைப் பார்க்கும் ஆட்களிடம் சொன்னேன். அவர்கள் வந்து மறுபடி தடவிவிட்டுத்தான் போனார்கள். இரண்டு நாள் வளைவு அழவில்லை. அப்புறம் அழுதது.

அதன் பிறகு நான் மையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நான் இருப்பது திண்டிவனத்தில். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு வாடகைக்கு வந்தது. பின்னால் மாடு கட்டவும் இடம் இருந்தது. வந்துவிடு என்றேன். சொந்த வீட்டை விட்டுவிட்டு வாடகை வீட்டுக்கு எதற்கு வர வேண்டும் என்று கேட்டாள். வண்டி உன் பக்கம்தான் விழும் அக்கா, ஏறினால் வெளிப்பக்கம்தான் ஏறும் என்று வெளிப்படையாகவே சொன்னேன். "இத்தினி வருசம் வுழல. நீ இருக்கிற வண்டி என் மேல எப்பிடிடா வுழும்?" என்றாள். இந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

நடந்தது சித்திரை மாதத்தில், பகல் வெயிலில். அன்று என் வண்டியில் உர மூட்டை ஏற்றிய வேகன்களும் வழியில் இறக்கிக் காலியான வேகன்களும் கலந்திருந்தன. வளைவில் வேகக் கட்டுப்பாடு உண்டு. டிரைவர் நிதானமானவர், ஊர்ந்துதான் போனார். மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வேகமாக வரும் வண்டி கவிழாமல் இருக்க, வளைவில் வெளித்தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருப்பார்கள். அதே இடத்தில் கூட்ஸ் ஊர்ந்தால் பாரம் முழுக்க உட்பக்கம் இறங்கிவிடும். வெளிப்பக்கச் சக்கரம் கனம் இல்லாமல் சும்மா தொட்டுக்கொண்டு போகும். அதுவும் காலி வேகனாக இருந்து, தண்டவாளமும் காய்ந்து கிடந்தால், சக்கரம் ஏறுவதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் வேண்டாம்.

நான் உட்பக்கமாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜினிலிருந்து பச்சைக் கொடி ஆடியது. நானும் ஆட்டினேன். வண்டி அழுதுகொண்டிருந்தது. அன்று அழுகை வழக்கத்தைவிடக் கூர்மையாக இருந்தது, பல் கூசியது. சட்டென்று அது நின்றது. நிற்கிற இடமில்லை அது. வண்டியின் பாதிகூட அப்போது வளைவைத் தாண்டியிருக்கவில்லை. என்ன என்று யோசிப்பதற்குள் நடுவில் தூசி எழுந்தது. ஒரு காலி வேகன் ஒருமுறை துள்ளி, மெல்ல, மிக மெல்ல, வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. பிரேக் காற்றின் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. நான் பெட்டியின் தகரத்தில் போய் முட்டி விழுந்தேன். எழுந்தபோது வண்டி நின்றிருந்தது. வேகன் சாய்ந்த இடத்துக்கு நேராக, அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பார்க்கத்தான் முடியவில்லை. வண்டியே நடுவில் மறைத்துக்கொண்டு நின்றது.

இப்படி ஆனால் நான் செய்ய வேண்டியது முதலில் ஒன்றுதான். வாக்கி டாக்கியில் டிரைவரிடம் சொல்லிவிட்டு, சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால், வந்த வழியே நடந்து போக வேண்டும். தூரமாகப் போய்த் தண்டவாளத்தில் வெடிகளைக் கட்டிவிட்டு வர வேண்டும். பின்னால் ஏதாவது வந்தால் அந்த வெடி வெடித்து அதை நிறுத்தும். விதி அது. விதி இல்லாவிட்டாலும் அதுதான் நியாயம். எனக்குத் தெரியும். அக்கா வீடு முன்னால் இருந்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அந்த நடையை நான் யாருக்கும் விவரித்ததில்லை. வெயிலில் தண்டவாளத்தைப் பார்க்கக் கண் கூசியது. ஒரு கையில் கொடி, மறுகையில் போன். அக்காவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாமாவுக்கு அடித்தேன். எங்கோ லோடு ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். மறுபடி அக்காவுக்கு அடித்தேன். வயலில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி அக்காவின் சாயலில் இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போய் வெடியைக் கட்டினேன். கட்டு இரண்டு முறை நழுவியது. கட்டி முடித்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

மேட்டிலிருந்து இறங்கியபோது தெருவே அங்கே நின்றிருந்தது, ஆனால் யாரும் கிட்டப் போகவில்லை. வேகன் மண்மேட்டின் மேல் பாதியும் அக்கா வீட்டின் மேல் பாதியுமாகச் சாய்ந்திருந்தது. குளிக்கிற தகர மறைப்பு இருந்த இடமே தெரியவில்லை. பின்சுவர் உள்ளே விழுந்திருந்தது. துவைக்கிற கல்லின் மேல் செங்கல் குவிந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து ஒரு நனைந்த புடவையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் என்னை அறியாமல் மறுபடி போனை அழுத்தினேன். செங்கல்லுக்கு அடியிலிருந்து அக்காவின் போன் மணி அடித்தது.

கையால் செங்கல்லை வாரி எறிந்துகொண்டிருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது.

"இன்னாடா தேடுற?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

அக்கா நின்றிருந்தாள். ஒரு கையில் கன்றுக்குட்டியின் கயிறு. இடுப்பு வரை புடவை ஈரம். நான் அவளைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். யூனிபாரம் போட்ட ஆள் இப்படி அழலாமா என்று அவளே என்னை அதட்டினாள். அப்புறம் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

"மாட்ட மேய்ச்சலுக்கு ஓட்டி வுட்டுட்டு தொவச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "அழுதுக்கினே இருந்த வண்டி பட்டுனு அடங்கிடுச்சி. அழுவுற கொழந்த திடீர்னு அடங்குனா இன்னாச்சோ ஏதாச்சோன்னு எழுந்து பாக்க மாட்டமா? எழுந்து பாத்தேன். வண்டி என் மேல குனியுது. கன்ன அவுத்துக்கினு ஓடினேன். அது மிரண்டு வயக்காடு வரிக்கும் இழுத்துக்கினு போயிடுச்சி, இப்பதான் திரும்பி வர்றேன்."

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். அளந்தார்கள், படம் எடுத்தார்கள். வேகனைத் தூக்க கிரேன் வந்தது. என்னிடமும் டிரைவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். வண்டி ஊர்ந்தது, வேகன் காலி, தண்டவாளம் காய்ந்திருந்தது. ஏன் காய்ந்திருந்தது என்பதையும் சொன்னேன். பெரிய அதிகாரி நம்பாதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"கிரீஸை எடுத்து என்னப்பா பண்ணுவாங்க?"

"எல்லாம் பண்ணுவாங்க சார்" என்றேன்.

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அக்காவின் அடிபம்பு மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றிருந்தது. அவர் போய் முகம் கழுவினார். தானே பம்பை அடித்தார். சத்தமில்லாமல் இறங்கி ஏறியது.

"நல்லா ஸ்மூத்தா இருக்கே. எண்ணெய் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார், அப்பப்ப போடுவங்க" என்றாள் அக்கா, முகத்தில் ஒன்றையும் காட்டாமல். அதிகாரியின் உள்ளங்கையில் கருப்பு ஒட்டியிருந்தது. அவர் அதைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தார், போகவில்லை. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே போனார். அவருக்குப் புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரணம் ஒன்றல்ல, பல என்று முடிவானது. அதுதான் உண்மையும். வெளித்தண்டவாளம் தேய்ந்திருந்தது. போன மழையில் மேட்டின் ஓரிடம் கொஞ்சம் அமுங்கியிருந்தது. வேகனின் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. காலி வேகன், ஊர்ந்த வண்டி, காய்ந்த தண்டவாளம். ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, எல்லாம் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன என்றார் டிரைவர். ஒரு கொட்டாங்கச்சி மை குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று அக்கா கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. தண்டவாளத்தை மாற்றினார்கள். மேட்டைச் சரிசெய்தார்கள். புது கிரீஸ் கெட்டியாகத் தடவினார்கள். இனிமேல் தொட்டால் கேஸ் என்று தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுவர் கட்டி முடிக்கிற வரைக்கும் அக்காவையும் மாமாவையும் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்தேன். கன்றையும் மாட்டையும் பக்கத்து வீட்டில் கட்டினோம். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மெயின் லைன் போகிறது. நேரான பாதை. ரயில்கள் அங்கே தடதடவென்று ஓடிப் போய்விடும், அழாது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு வண்டி வரும்போதும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இன்னாக்கா?" என்றால், "இந்த வண்டிங்க அழ மாட்டேங்குது. நல்லா போவுதா, கெட்டு வருதான்னு எப்பிடித் தெரிஞ்சிக்கிறது? எனுக்கு பயமா கீதுடா" என்பாள்.

இங்கேயே இருந்துவிடு என்று கெஞ்சினேன். என் மனைவியும் சொன்னாள். மாமாவுக்கு அரைமனது இருந்தது. ஆனால் அவருடைய லோடு எல்லாம் விழுப்புரத்தில். சுவர் எழும்பியதும் ஒரு வெள்ளிக்கிழமை மாட்டை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது, "பம்புக்கு இனிமே அந்த மைய எடுக்க மாட்டேன். உன் மேல சத்தியம்" என்றாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவர்கள் போன சில வாரங்களில் எனக்கு மறுபடி அந்தப் பாதையில் வேலை வந்தது. வண்டி வளைவுக்குள் நுழைந்தது. உட்பக்கம் தலையை நீட்டிக் கொடியை ஆட்டினேன், பதில் கொடி வந்தது. புது தண்டவாளம், புது கிரீஸ். அழாது என்று நம்பியிருந்தேன். முதலில் லேசாக ஒரு முனகல். பிறகு முன்னாலிருந்து வேகன் வேகனாகப் பின்னோக்கி வந்தது. என் பெட்டிக்கு வந்தபோது முழு வீறலாக இருந்தது.

வெளிப்பக்கத்துக்குத் தாவினேன். என் பெட்டி அந்தத் தெருவைத் தாண்டும்போது மட்டும் வீடுகளின் முதுகு எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒரு கருப்பு வட்டம் இருந்தது. தோசை அளவு, தட்டு அளவு, அவரவர் பயத்துக்குத் தகுந்த அளவு. வெயிலில் எல்லாம் பளபளத்தன. அக்காவின் புதுச் சுவரில் இருந்ததுதான் இருப்பதிலேயே பெரிது. அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் அவளிடம் போனேன். சாயங்காலம் ஆகியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பம்பிடம் ஓடி அடித்துக் காட்டினாள். அது காது கிழியக் கத்தியது.

"பாத்துக்கோ. பம்புக்கு எடுக்கல. சொன்ன சொல்லு தப்பல" என்றாள்.

"அப்ப இது இன்னாக்கா?" என்று சுவரைக் காட்டினேன்.

"இதுவா? இது திஷ்டிக்குடா." நான் இவ்வளவு சின்ன விஷயம்கூடத் தெரியாதவனாக இருக்கிறேனே என்பது போல என்னைப் பார்த்தாள். "ஊரே வந்து பாத்துட்டுப் போச்சி. டிவிக்காரன் வேற வந்து படம் புடிச்சிக்கினு போனான். அத்தினி கண்ணும் இந்தச் சுவரு மேலதான். மறுபடி இந்தப் பக்கம் வண்டி சாயக் கூடாதுன்னு தெருவுல எல்லாரும் வச்சோம். வேற மையி வச்சா நிக்காது. ரயிலு கண்ணுக்கு ரயிலு மைதான்."

நான் சுவரைத் தொட்டேன். கிரீஸ் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. தண்டவாளத்தின் எத்தனை நீளத்தை வழித்தால் இவ்வளவு வரும் என்று மனசு கணக்குப் போடப் பார்த்தது. நான் போட விடவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்து, விரலில் ஒட்டியிருந்த கருப்பைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இம்மாம் பெருசா எதுக்குன்னுதானே பாக்குற?" என்றாள். "மத்தவங்க அவங்க வூட்டுக்கு மட்டும் வச்சாங்க. நான் உன் வண்டிக்கும் சேத்து வச்சிருக்கேன்."

அப்போது விழுப்புரத்திலிருந்து சாயங்காலக் கூட்ஸ் கிளம்பி வருவது கேட்டது. தரை லேசாக அதிர்ந்தது. கொடியில் இருந்த துணி ஆடியது. இன்ஜின் மேட்டின் மேல் எங்களைத் தாண்டிப் போனது. பின்னாலேயே அழுகை ஆரம்பித்தது.

"அழுவட்டும்" என்றாள் அக்கா, கன்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டே. "அழுதுக்கினு இருக்கிற வரிக்கும் பயமில்ல."

நான் அவள் கையை விடாமல், அந்த அழுகை எங்கே நிற்கப் போகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.